நான்காம் பாகத்தில் அண்ணன்

ஜனவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் பிள்ளை, என் மருமகன், ஒழுங்காக வேலைக்குப் போகிறானா? இந்தக் கடிதமும் வழக்கம்போல உங்கள் மருத்துவமனைச் சலவைப் பிரிவு விலாசத்துக்கே வருகிறது. அவன் கையில் சிக்காது, பயப்படாதீர்கள்.

எனக்கு ஒரு தையல் வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, தொலைக்காட்சிக் கம்பெனி ஒன்று தொடர் எடுக்கிறது. உடை தைக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. என்ன தொடர் என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நம் ஊர் அணு உலை விபத்துக் கதை, அண்ணி. இருபது வருஷம் கழித்து யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. எட்டுப் பாகமாம்.

நேற்று வெள்ளை மேலங்கிகளில் பெயர்ப்பட்டை வைத்துத் தைக்கச் சொன்னார்கள். ஒரு பட்டையில் அண்ணன் பெயர். கை அப்படியே நின்றுவிட்டது. மேற்பார்வை பார்க்கிற அம்மாள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, எழுத்து தெரியலையா? கண்ணாடி போட்டுக்க" என்றாள். போட்டுக்கொண்டு தைத்தேன். நான் யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

செத்தவர்களுக்கெல்லாம் நிஜப் பெயரையே வைக்கிறார்கள். அக்டோபரில் ஒளிபரப்பு. உங்கள் பக்கமும் வரும். அதற்குள் மருமகனிடம் சொல்லிவிடுங்கள். அப்பா சாலை விபத்தில் போனார் என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளை இதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

நாற்பத்தைந்து வயதுக்காரியை இப்படிக் கூப்பிடுவதற்கு மன்னித்துக்கொள். உன் அண்ணன் வைத்த பட்டப்பெயர். எனக்கு வேறு வாயில் வராது. முழங்கால் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஈரத்துணி மூட்டையைத் தூக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். சலவைப் பிரிவில் ஈரத்துணியைத் தூக்காமல் வேறு எதைத் தூக்குவதாம்? உன் மருமகன் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் நிலைத்துவிட்டான். அவன் பழுது பார்த்த லிஃப்டில் நான் ஏற மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

அந்த வேலையை விட்டுவிடு. துணி தைக்கத் தெரிந்தவளுக்கு வேறு இடமா இல்லை?

அவனிடம் சொல்வது பற்றி எழுதியிருந்தாய். உன் அண்ணன் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. இவன் பெயரோடு நான் சேர்த்திருப்பது என் அப்பா பெயரை. தவிர, பந்து விளையாட்டைத் தவிர டிவியில் எதையும் இவன் பார்ப்பதில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டால் நான் அழுவேன் என்று கேட்பதையும் எப்போதோ நிறுத்திவிட்டான்.

நம் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தபோது இவனுக்கு இரண்டு வயது. தலைமுடியிலிருந்து கண்ணாடித் துண்டைப் பொறுக்கியது நீயா நானா என்று எனக்கு மறந்துவிட்டது. மறக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம், தூக்கம்தான் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். துண்டைப் பொறுக்கியது நான்.

வேலையை விடவில்லை. கோபப்படாதீர்கள். எந்தக் காட்சியில் யாருக்கு என்ன உடை என்று பார்ப்பதற்காக, நான்காம் பாகத்தின் தாள்களைத் தையல் மேஜைமேல் வைத்திருந்தார்கள். படித்துவிட்டேன். கட்டுப்பாட்டு அறையில் அபாய மணி அடிக்கிறது. உலைக்குள் தண்ணீர் குறைகிறது என்று சொல்கிற மணி. இளம் ஆபரேட்டர், "உலையை நிறுத்திடலாம் சார்" என்கிறான். அண்ணன் மேஜையைக் குத்தி, "இங்க நான்தான் பொறுப்பு! மணியை அணை! உலையைத் தானா நிறுத்தற சுவிட்சையும் அணை!" என்று கத்துகிறார். அந்தப் பையன் கையைப் பிடித்து முறுக்குகிறார்.

நம் அண்ணனா? டிவியில் சானல் மாற்றுவதற்குக்கூட "மாத்தட்டுமா, யாராவது பாக்கறீங்களா?" என்று வீடு முழுக்கச் சுற்றிக் கேட்கிற மனிதர்!

அந்த வாரம் சாப்பிட உட்காரும்போது அவர் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. "பெரியவர் உலையை நிறுத்தவே கூடாதுங்கறாரு." பெரியவர் என்றால் தலைமைப் பொறியாளர் என்பது உங்களுக்குத் தெரியும். விசாரணைக் குழு முன்னால் நின்று நான் சொன்னது அதைத்தான். எழுதிக்கொண்டார்கள், அறிக்கையில் பழி முழுக்க அண்ணன் தலையில். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள், ஊரோடு ஒத்துப் போ என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஒன்று கேட்கிறேன். மருத்துவமனையில் அந்த பிளாஸ்டிக் திரைக்குள்ளே உங்களை மட்டும்தான் விட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அண்ணன் உதடு அசைந்தது. ரொம்ப நேரம் பேசினார். இத்தனை காலமாகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், அண்ணி. என்ன சொன்னார்?

தொடருக்காகத் தகவல் திரட்டுகிற பெண் ஒருத்தி உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் நாத்தனார்


மார்ச் 30

அன்புள்ள வாலுக்கு,

தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. நாங்கள் இருவரும் நலம். இங்கே குளிர் குறைந்துவிட்டது. புது யந்திரம் ஒன்று வந்திருக்கிறது. துணியை அதுவே மடிக்கிறது. எங்களைப் பார்த்துச் சிரிக்காததுதான் பாக்கி. உன் மருமகன் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொள்கிறான்.

மருத்துவமனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவருக்குத் தாகம் அதிகமாக இருந்தது.

நீ தூங்கு. தூங்காமல் ஊசி பிடிக்காதே.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் இறக்கை முளைத்த மாதிரி இருக்கிறது. முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அண்ணன் வேஷம் போடுகிற நடிகருக்கு மேலங்கியை அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் நல்ல பருமன். இயக்குநர் பக்கத்தில் நின்றார். என்னையும் அறியாமல், "சார், எங்க அண்ணன் இவ்வளவு குண்டு இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

"யாரு உங்க அண்ணன்?"

மேலங்கியின் பைமேல் இருந்த பெயர்ப்பட்டையைக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தானாக முடிவு எடுக்கிறவரே இல்லை, மேலே இருந்து சொல்லாமல் அந்த மணியை அணைத்திருக்க மாட்டார் என்றேன்.

"பெரியவர்கிட்டேர்ந்து போன் வந்துச்சா?" என்றார்.

"வந்திருக்கணும் சார்."

"வந்திருக்கணுமா, வந்துச்சா? எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை."

"வந்துச்சு" என்றேன்.

அண்ணி, காட்சியை மாற்றி எழுதிவிட்டார்கள்! தலைமைப் பொறியாளர் போனில் உத்தரவு போடுகிறார். அண்ணன் மறுக்கிறார், கெஞ்சுகிறார், கடைசியில் அணைக்கிறார். படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். பெரியவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், முதியோர் இல்லத்தில். அவர் பெயரையும் போடப்போகிறார்களாம்.

கம்பெனி வக்கீலுக்கு இன்னொரு சாட்சி வேண்டுமாம். நீங்கள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: போன் வந்ததாக அவர் உங்களிடமும் சொன்னார் என்று. உங்கள் விலாசத்தை யாருக்கும் தர மாட்டேன். மே கடைசியில் படப்பிடிப்பு.

அண்ணன் தலை நிமிரப்போகிறார்.

உங்கள் நாத்தனார்


மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? இந்த முறை வெறும் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உங்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

படப்பிடிப்பை முன்னால் தள்ளிவிட்டார்கள். மே 18. உங்கள் கடிதம் இல்லாவிட்டாலும் என் வாக்குமூலம் போதும் என்று வக்கீலே சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நேற்று பெரியவருடைய மகள் வீட்டுக்கு வந்தாள். கடைத்தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கிறவள். வக்கீல் கடிதம் அவள் கைக்கும் போயிருக்கிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"போன் வந்துச்சுன்னு உங்க அண்ணன் உங்ககிட்ட சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னார்."

"எப்போ? அன்னைக்கு வேலைக்குப் போனவரை அதுக்கப்புறம் நீங்க கண்ணாடிக்கு வெளியிலேர்ந்துதானே பாத்தீங்க? விசாரணையில நீங்களே அப்படித்தான் சொல்லியிருக்கீங்க."

அவள் உட்காராத நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினேன்.

"எங்கப்பாவுக்கு இப்ப என் பேரே ஞாபகம் இல்லைங்க. நீங்க என்ன சொன்னாலும் அவரால இல்லைன்னு சொல்ல முடியாது. அதைத் தெரிஞ்சுதான் செய்றீங்களா?"

கதவைச் சாத்திவிட்டேன். அவள் அப்பாவுக்காகப் பேசுகிறாள், நான் என் அண்ணனுக்காகப் பேசுகிறேன். இதில் என்ன தப்பு? போன் வந்தது, இல்லையா அண்ணி? வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மே 21

அன்புள்ள வாலுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் இரண்டு கடிதங்களும் என் வேலையிடத்துப் பெட்டிக்குள் இருந்தன. எடுப்பேன், படிப்பேன், வைப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மருமகன் சமையலறை வாசலில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு அவனிடம் சொல்லிவிட்டேன். அப்பா யார், எங்கே வேலை பார்த்தார், எப்படிப் போனார், நாம் ஏன் இங்கே வந்தோம், எல்லாம்.

"அப்ப ஆக்ஸிடென்ட் இல்லையா?" என்றான்.

"இதுவும் ஆக்ஸிடென்ட்தான்டா."

"எத்தனை பேரு?"

அறிக்கையில் போட்டிருந்ததைச் சொன்னேன். ஒரு செருப்புக்கு மட்டும் பாலிஷ் போட்டபடி எழுந்து போய்விட்டான். சாயங்காலம் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். எனக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தான். அதில்தான் எனக்கு மூச்சு வந்தது. சாப்பிட்டு முடித்ததும், "எனக்கு ஒரு அத்தை இருக்காங்க, இல்லையா? அவங்களுக்கு எல்லாம் தெரியுமா?" என்று கேட்டான். ஒரு விஷயம் மட்டும் தெரியாது என்றேன். "அப்ப அவங்களுக்கும் சொல்லிடும்மா. என்னை வச்சிருந்த மாதிரி அவங்களை வச்சிருக்காத."

அதனால் எழுதுகிறேன்.

போன் வரவில்லை, வாலு.

திரைக்குள்ளே அவர் சொன்னது இது. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. "யாரும் போன் பண்ணலை. யாரும் சொல்லலை. அந்த மணி வாரம் முழுக்கப் பொய்யா அடிச்சுது. அன்னைக்கும் பொய்யின்னுதான் நெனச்சேன். 'ஒரு வாரமா புளுகுது, வாயை மூடுங்கடா அதை'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பையன், வேண்டாம் சார்னான். என் பேச்சைக் கேட்டு அணைச்சான். நல்ல பையன்." தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். வாயில் நிற்கவில்லை. பிறகு சொன்னார், "வாலுகிட்ட மட்டும் சொல்லாத. அவ என்னை ரொம்பப் பெரிய ஆளுன்னு நெனச்சுட்டிருக்கா."

நீ விசாரணைக் குழு முன்னால் போய் நின்றபோதே உன்னைத் தடுத்திருக்கலாம். நீ கல்யாணத்தை உதறிவிட்டு வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஞாபகம் வந்தது. போகப் போக, சொன்னால் உனக்கு என்ன மிஞ்சும் என்று பயமாகவும் இருந்தது. மகனிடம் மறைத்தது என் முடிவு. உன்னிடம் மறைத்தது அவருடையது.

காட்சியை எடுத்துவிட்டார்களா?

அண்ணி


ஜூன் 25

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் நலம். உன்னைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. திட்டியாவது எழுது. வீட்டு விலாசத்துக்கே எழுதலாம் இனிமேல். உன் மருமகன் தினமும் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன், "அத்தைகிட்டேர்ந்து வந்துச்சா?" என்று கேட்கிறான்.

அண்ணி


ஜூலை 17

அன்புள்ள அண்ணிக்கு,

உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். இதற்கு மேல் நலம் என்று இப்போது எழுத வரவில்லை.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது காட்சியை எடுத்து முடித்திருந்தார்கள். மாடிப்படியில் நின்று படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தாண்டிப் போக வழி கேட்டு இரண்டு முறை இருமினார். முதலில் உங்கள்மேல் கோபம் வந்தது, அப்புறம் அண்ணன்மேல். செத்துப்போனவர்மேல் அவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. "நான் உங்ககிட்ட கேட்டேனா, என்னைக் காப்பாத்துங்கன்னு?" என்று அவர் படத்தைப் பார்த்துக் கத்தினேன். பிறகு ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படியே விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய் வந்தேன். காட்சியைப் பார்த்தவர்கள் எல்லோரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேற்பார்வை அம்மாள் எனக்கு ஜன்னலோரத்து மேஜையைக் கொடுத்தாள்.

அங்கே உட்கார முடியவில்லை, அண்ணி. ஜன்னலிலிருந்து பார்த்தால் மருந்துக் கடைக்காரி மிதிவண்டியில் முதியோர் இல்லத்துக்குப் போவது தெரிகிறது.

இயக்குநரிடம் போனேன். படத்தை வெட்டி ஒட்டுகிற அறையில் இருந்தார்.

"சார், போன் வரலை."

திரும்பிப் பார்த்தார். "என்னது?"

"போன் வரவே இல்லை. எங்க அண்ணன்தான் அணைக்கச் சொன்னார். அண்ணி எழுதியிருக்காங்க."

"அம்மா, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இந்தத் தொடர்லயே நல்ல காட்சி அதுதான். செட்டைப் பிரிச்சாச்சு!"

"நான் சொன்னதாலதானே போட்டீங்க? நானேதான் இப்ப இல்லைங்கறேன்."

"சரி, பழைய மாதிரியே வச்சுக்கறேன். மேஜையைக் குத்திக் கத்தற மாதிரி. அதுவாவது பரவாயில்லையா உங்களுக்கு?" அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அதுவும் இல்லை சார். அவர் கத்தலை. சிரிச்சுக்கிட்டே சொன்னார். 'ஒரு வாரமா புளுகுது, வாயை மூடுங்கடா அதை'ன்னு."

அவர் திரையின் பக்கம் திரும்பினார். திரையில் அந்த நடிகர் போனைப் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். "நல்ல மனுஷன் சிரிச்சுக்கிட்டே..." என்றார் கடைசியில். "இது ரொம்பப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் சார்."

இரண்டு சுவரை மறுபடி எழுப்பி, போன வாரம் எடுத்தார்கள். நானும் நின்று பார்த்தேன். மணி அடித்ததும் அந்தப் பையன் வேஷக்காரர், "வேண்டாம் சார்" என்றார். குண்டு நடிகர் அவர் தோளில் கை போட்டுச் சிரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மருந்துக் கடைக்கும் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். "உங்கப்பா பேர் அதுல வராது. நான் சொன்னது பொய்."

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "அப்பாவுக்கு ஒண்ணும் புரியலைங்க. ஆனா எனக்குப் புரிஞ்சுதே, இந்த ரெண்டு மாசமும்" என்றாள். நான் நின்றேன். "அடுத்தவங்களுக்கு வழி விடுங்க" என்றாள். வந்துவிட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதத் தெரிகிறது. மருமகனுக்கு என் அன்பு.

வாலு


அக்டோபர் 23

மதிப்புக்குரிய அத்தைக்கு,

நான் உங்கள் மருமகன். நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இவ்வளவு நீளமாகத் தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். "ற"வுக்கும் "ர"வுக்கும் சண்டை நடக்கிறது.

நேற்று நான்காம் பாகம் வந்தது. அம்மா பார்க்க மாட்டேன் என்றாள். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள். அவர் சிரித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா, "அவர் இதைவிட அழகா சிரிப்பார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிவரை பார்த்தோம்.

எனக்கு அவரைப் பிடிக்கிறதா, கோபமா என்று தெரியவில்லை. அந்த இளம் ஆபரேட்டருக்கு என் வயதுதான் இருந்திருக்கும்.

நவம்பர் கடைசியில் எனக்கு விடுமுறை. அங்கே வரலாமா? அம்மா வர மாட்டேன் என்கிறாள், ஆனால் அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். அம்மாவிடம் கேட்க முடியாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன் (இந்த வரியை அவளுக்குக் காட்டப்போவதில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்). அந்த ஊரில் யாராவது என்னைப் பார்த்து, நீ யார் என்று கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்?

அன்புடன்
உங்கள் மருமகன்


நவம்பர் 5

என் அன்பு மருமகனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தில் பிழை ஒன்றே ஒன்றுதான். அத்தையைப் போய் யாராவது "மதிப்புக்குரிய" என்று எழுதுவார்களா?

வா. கெட்டிச் சட்டையாக எடுத்துக்கொண்டு வா. என் வீட்டில் ஒரே ஒரு அறைதான். நீ கட்டிலில் படு, நான் தையல் மேஜைக்குக் கீழே படுத்துக்கொள்வேன். அம்மாவும் வந்தால் நானும் அவளும் கீழே படுத்துச் சண்டை போட்டுக்கொள்வோம். நிறையப் பாக்கி இருக்கிறது.

இந்த ஊரில் எல்லோரும் உன்னை நல்லபடியாகப் பார்ப்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உன் அப்பாவோடு செத்துப்போன அந்த ஆபரேட்டர் பையனுடைய அம்மா கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். தொடர் வந்த மறுநாள் அவள் வீட்டு வாசல்வரை போனேன், கூப்பிடத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். நீ வந்ததும் இரண்டு பேருமாகப் போவோம். அவள் கதவைத் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம்.

திறந்து யார் என்று கேட்டால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். "என் அண்ணன் மகன்" என்று நான் சொல்கிறேன். நீ பக்கத்தில் நில்.

உன் அத்தை